வாயிலில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர்

திருவள்ளூரை அடுத்த ஆதிகத்தூரில் ஒரு கார் தொழிற்சாலை இருக்கிறது. 1998இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அங்கே மிட்சுபிஷி லேன்சர் கார்களைச் செய்யத் தொடங்கியது. சில ஆண்டுகளில் பஜேரோவும் வந்தது. 2013 கடைசியில் இசுசு நிறுவனத்தின் வண்டிகளையும் அதே கூரைக்குக் கீழ் பூட்ட ஆரம்பித்தார்கள். இசுசு 2016இல் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலைக்குக் குடிபோனது. 2017இல் பிரெஞ்சுக்காரர்கள் உள்ளே வந்தார்கள். 2021 முதல் சிட்ரோயன் கார்கள் வெளியே வருகின்றன. சுற்றியுள்ள கிராமங்களும் ஷிஃப்ட் பேருந்தும் அப்படியே இருக்க, கேட்டுப் பலகை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

அந்தப் பலகைகளில் இருந்த பெயர்களுக்குப் பொருள் தேடிப் போனால் நல்ல வேடிக்கை. மிட்சுபிஷி என்றால் ஜப்பானிய மொழியில் மூன்று நீர்க்கொட்டை. குளத்தில் விளையும் அந்தக் கொட்டையின் சாய்சதுர வடிவம்தான் வண்டியின் மூக்கில் மூன்று வைரமாக நிற்கிறது. இசுசு என்பது இசே என்னும் புகழ்பெற்ற கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ஐம்பது மணி. சிட்ரோயன்? டச்சு மொழியில் எலுமிச்சை.

ஆம், சாட்சாத் எலுமிச்சைதான். நிறுவனத்தை 1919இல் பாரிஸில் தொடங்கிய ஆந்த்ரே சிட்ரோயனின் மூதாதையர் ஒருவர் நெதர்லாந்தில் பழம் விற்றவர். குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ள வேண்டிய நிலை வந்தபோது தொழிலையே பெயராக்கி, ‘எலுமிச்சைக்காரர்’ என்ற பொருளில் லிமூன்மன் என்று வைத்துக்கொண்டார். அடுத்த தலைமுறையில் அது சிட்ரூன் ஆனது. பிரான்ஸுக்கு வந்தபின் கடைசி உயிரெழுத்தின் தலையில் இரண்டு புள்ளி ஏறியது. இப்போது திருவள்ளூரில் செய்த அந்தக் காரை ஒருவர் வாங்கி நேரே வீரராகவப் பெருமாள் கோயில் வாசலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினால், எலுமிச்சை மேல் எலுமிச்சை ஏறுகிறது. அமெரிக்காவில் வாங்கிய நாள் முதல் மக்கர் பண்ணும் காரைத்தான் ‘லெமன்’ என்பார்கள். அப்படிப்பட்ட காரை வாங்கி ஏமாந்தவரைக் காப்பாற்ற மாநிலந்தோறும் ‘லெமன் சட்டம்’ உண்டு. இந்த மூன்று எலுமிச்சைகளும் ஒன்றையொன்று அறியாது.

அந்த இரண்டு புள்ளியைத் தமிழ்க் கண்ணால் பார்ப்பவருக்கு இன்னொரு விஷயம் படும். தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் உயிர் போய்விடும். மெய் மட்டும் நிற்கும். பிரெஞ்சில் அந்தப் புள்ளிகளின் வேலை நேர்மாறு: இந்த உயிரைப் பக்கத்து உயிரோடு கலந்து விழுங்கிவிடாதே, தனியாக ஒலி என்று காவல் நிற்கின்றன. அதனால்தான் பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘சித்ரோ-என்’. ஆங்கிலேயர் அதைச் ‘சிட்ரன்’ என்று சுருக்கிவிட்டார். நம் பத்திரிகைகளில் சிட்ரோன், சிட்ரோயன், சிட்ரியோன் என்று மூன்றும் வந்துவிட்டன. வண்டி நம் மாவட்டத்தில் பிறந்தது. அதற்கு நம் எழுத்தில் இன்னும் ஒரே பெயர் அமையவில்லை.

இது அற்ப விஷயம் என்று தோன்றலாம். பெயருக்கு என்ன விலை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஆதிகத்தூர் ஆலைக்குள் வந்த அதே பிரெஞ்சு நிறுவனம் 2017இல் இந்துஸ்தான் மோட்டார்ஸிடமிருந்து ‘அம்பாசிடர்’ என்ற பெயரை வாங்கியது. உற்பத்தி நின்று ஏறக்குறைய 3 ஆண்டு ஆகியிருந்த ஒரு காரின் பெயருக்குக் கொடுத்தது 80 கோடி ரூபாய். ஒரு பெயருக்கு இவ்வளவு கொட்டிக் கொடுக்கிறவர்கள், தங்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து யோசித்திருக்கலாம்.

பெயர் வைக்கிற இடத்தில் யோசிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே ஆலையில் ஓர் உதாரணம் ஓடியது. பஜேரோ. அர்ஜென்டினாவின் படகோனியா பீடபூமியில் திரியும் ஒரு காட்டுப் பூனையின் அறிவியல் பெயரிலிருந்து மிட்சுபிஷி எடுத்துக்கொண்டது. 1982இல் வண்டி வந்தது. பூனை தென் அமெரிக்கப் பூனை. அந்த ஊரில் பேசுவது ஸ்பானிய மொழி. அந்த மொழியில் அந்த எழுத்துக்கூட்டலைப் ‘பஹேரோ’ என்று படிப்பார்கள். அது நாலு பேர் நடுவே சொல்லக் கூசும் வசைச்சொல். ஆகவே ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் வண்டிக்கு மோன்டேரோ என்று பெயர் மாற்றினார்கள். பிரிட்டனில் ஷோகன். திருவள்ளூரில் மட்டும் ஒரு சங்கடமும் இல்லை. நாம் நடு எழுத்தை ‘ஜ’ என்று அழுத்திச் சொல்லிவிட்டதால் வசை கழன்று, வெறும் கம்பீரம் மிஞ்சியது. தவறான உச்சரிப்பு என்று ஸ்பானியப் பண்டிதர் ஒருவர் திருத்த வந்திருந்தால் வண்டி விற்றிருக்காது.

இப்படி வேறொரு மொழியின் வாய் ஒரு பெயரை உருமாற்றுவதைப் பிழை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதற்குள் இலக்கணம் இருக்கிறது. மிட்சுபிஷியையே பாருங்கள். மூன்றுக்குச் சொல் ‘மிட்சு’. கொட்டைக்குச் சொல் ‘ஹிஷி’. சேர்ந்தால் மிட்சுஹிஷி என்றுதானே ஆக வேண்டும்? ஜப்பானியர் இரண்டு சொல்லைக் கூட்டும்போது பின்சொல்லின் முதல் ஒலி பல இடங்களில் மெலிந்து மாறும். ‘ஹி’ அங்கே ‘பி’ ஆகிறது. தமிழருக்கு இதில் வியப்பே வரக்கூடாது. ‘பாம்பு’ என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து இரண்டு இடத்திலும் பகரம்தான். முதலில் உதடு வெடிக்கிறது, இரண்டாவதில் அதே உதடு குழைகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, குழந்தைக்கே தெரியும்.

அதேபோல மெய்யில் முடியும் எந்த வெளிச்சொல்லையும் தமிழ் வாய் அந்தரத்தில் தொங்கவிடாது. பஸ்ஸு, காரு, பைக்கு, லேலண்டு, புல்லட்டு. ஓர் உகரத்தை முட்டுக்கொடுத்து நிறுத்திவிடும். விற்பனை அறைகளில் குளிர்சாதனத்துக்குக் கீழே நிற்கிற இளைஞர்கள் ‘பசால்ட்’ என்று நறுக்குத் தெறித்தாற்போல முடிக்கப் பழகியிருக்கிறார்கள். ஆதிகத்தூரில் 2024 முதல் வரும் அந்தக் காருக்கு எரிமலைக் குழம்பு இறுகிய கல்லின் பெயர். வெளியே வாடகை வண்டி நிறுத்தத்தில் அது ‘பசால்ட்டு’தான். இரண்டில் எது தமிழ் இலக்கணத்தோடு பொருந்துகிறது என்றால், நிறுத்தத்தில் சொல்வதுதான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே போனால் தேர்வாய் கண்டிகை. மேய்ச்சல் நிலத்தை சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொடுக்க மாட்டோம் என்று ஊர்மக்கள் போராடிய இடம். அங்கே டயர் ஆலை அமைக்க 2009இல் மிஷ்லன் நிறுவனம் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது. 1889இல் பிரான்ஸின் கிளேர்மோன்-ஃபெரான் நகரில் ஆந்த்ரே, எதுவார் என்ற இரு சகோதரர்கள் தொடங்கிய குழுமம். மிஷ்லன் என்பது அவர்களுடைய குடும்பப் பெயர். பிரெஞ்சில் கடைசி எழுத்து மூக்கிலேயே கரைந்துபோகும். ஆங்கிலத்தில் படித்தால் ‘மிச்செலின்’. நம் பக்கத்து டயர்க் கடைகளில் ‘மிச்சலின்’. டிப்ளமோ முடித்த ஒரு பையன் நேர்காணலில் மிச்செலின் என்று சொன்னால் எதிரே இருப்பவர் உதட்டோரம் சிரிக்கலாம். அப்படிச் சிரிப்பவரைத் ‘தேர்வாய் கண்டிகை’ என்று ஒருமுறை ஒழுங்காகச் சொல்லச் சொல்லலாம். ஊர்ப் பெயரிலேயே வாய் இருக்கிறது. அது பலருடைய வாயில் நுழைவதில்லை. அதற்காக யாருக்கும் வேலை மறுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

உச்சரிப்பு என்பது நம்மிடையே ஒரு நுழைவுச்சீட்டாக மாறிவிட்டதுதான் எரிச்சல். மெஷினை ஓட்டத் தெரிந்தவனைவிட மெஷினின் பெயரைப் பிரெஞ்சு மூக்கால் சொல்லத் தெரிந்தவன் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறான்.

இதில் சட்டமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948 முதல் இருக்கின்றன. அவற்றின்படி கடைப் பெயர்ப் பலகையில் தமிழ் இருக்க வேண்டும், வேறு மொழி வந்தால் தமிழ் முன்னால் நிற்க வேண்டும். தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழிக்கு 2 என்று அளவுகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பலகைக்குத்தான் விதி, பொருளுக்கு இல்லை. ஆகவே ஷோரூம் பலகை எழுதுகிறவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதுகிறார். ஒரே கம்பெனிக்கு மூன்று ஊரில் மூன்று எழுத்துக்கூட்டல் வருவது இப்படித்தான்.

வணிகக் குறிப் பதிவில் நிலைமை தலைகீழ். இந்தி, ஆங்கிலம் தவிர்த்த எழுத்தில் ஒரு குறியைப் பதிவு செய்யப் போனால், அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத்துப்பெயர்த்து, பொருளையும் சொல்ல வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டின் வணிகக் குறி விதிகள். பொன்னேரியில் மிளகாய்த்தூள் அரைத்து விற்கிறவர் தன் தமிழ்ப் பெயர் மற்றவர் வாயில் எப்படி ஒலிக்கும் என்று கிண்டி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். பாரிஸ்காரரோ டோக்கியோக்காரரோ தன் பெயர் பொன்னேரிக்காரர் வாயில் எப்படி ஒலிக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கட்டாயம் வந்தால் அவர்களுக்கும் இது கைவரும். கோக்கோ கோலா சீனாவுக்குப் போன புதிதில் கடைக்காரர்கள் ஒலி ஒத்துப்போனால் போதும் என்று கைக்கு வந்த சீன எழுத்துகளால் பலகை எழுதினார்கள். சேர்த்துப் படித்தால் பொருள் கன்னாபின்னா என்று வந்தது. பிறகு நிறுவனமே உட்கார்ந்து தேடி, ஒலியும் ஏறக்குறைய ஒத்து, ‘வாய்க்குச் சுவை, மனத்துக்கு மகிழ்ச்சி’ என்ற மாதிரிப் பொருளும் வருகிற நான்கு எழுத்தைப் பிடித்தது. பென்ஸ் கார் அங்கே ‘பென்சி’. பாய்ந்தோடுவது என்று பொருள். பிஎம்டபிள்யூ அங்கே ‘பாவ்மா’, அருமைக் குதிரை. சீன எழுத்துக்குப் பொருள் ஒட்டியே வரும் என்பதால் அவர்கள் தப்ப முடியாது. தமிழ் எழுத்து ஒலியை மட்டும் சுமக்கிறது. அதனால் நம்மை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

அரசு ஆணையால் இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு 2020 ஜூன் மாதம் நினைவிருக்க வேண்டும். தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. அம்பத்தூரும் கோயம்புத்தூரும் ஆங்கிலத்தில் நீண்டு, வளைந்து, அந்த ஊர்க்காரர்களுக்கே அடையாளம் தெரியாமல் போயின. கேலியும் குறையும் குவியவே, சில நாள்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. கும்மிடிப்பூண்டிக்கு இன்றும் ரயில்வே ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், சிப்காட்டுக்கு வேறொன்று. பேச்சில் ‘கும்முடிப்பூண்டி’ என்பவர்களே மிகுதி. ரயில் ஏறுகிறவர் யாரும் தவறிப்போய் வேறு ஊரில் இறங்கியதில்லை.

அப்படியானால் பெயரை யார்தான் முடிவு செய்கிறார்கள்? மண் அள்ளுகிற இடத்தில் போய் நின்றால் தெரியும்.

திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய மண் அள்ளும் இயந்திர ஆலை பின்னர் கேட்டர்பில்லர் கைக்கு வந்தது. கம்பளிப்பூச்சி என்ற பெயருடைய கம்பெனி. 1904இல் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், சேற்றில் புதையாமலிருக்கச் சக்கரத்துக்குப் பதில் பட்டை கட்டிய டிராக்டரை ஓட்டிப் பார்த்தார். படம் எடுக்க வந்த புகைப்படக்காரர், கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்கிறதே என்றாராம். ஹோல்ட் அதையே பிடித்துக்கொண்டு 1910இல் பதிவும் செய்துவிட்டார். உலகத்தின் மிக நல்ல தொழில்நுட்பப் பெயர்களில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். குழு கூடவில்லை, பார்த்தவர் வாயில் வந்தது. ஆனால் தமிழில் ‘கேட்டர்பில்லர்’ என்றே நின்றுவிட்டதால் அந்தப் பூச்சி நம் கண்ணுக்குத் தெரியவில்லை. ‘கேட்டு’ என்று சுருக்கியபின் பூச்சி போய்ப் பூனையே வந்துவிட்டது.

இங்கே ஏரி தூர்வாரும் கரையில் நிற்கிற மஞ்சள் வண்டி யாருடைய தயாரிப்பானாலும் அதற்குப் பெயர் ஜேசிபி. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 1945இல் தொடங்கிய கம்பெனிக்குத் தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்தார். சங்கிலியில் ஊர்கிற பெரிய வண்டி என்றால் ஹிட்டாச்சி. ஜப்பானில் அது ஓர் ஊரின் பெயர். எல்லாவற்றையும்விட விந்தை பொக்லைன். ‘பொக்லைன் இயந்திரம் மூலம் ஆக்கிரமிப்புகள் அகற்றம்’ என்ற தலைப்பு இல்லாத நாள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் அபூர்வம். அந்தச் சொல் தமிழுமல்ல, ஆங்கிலமுமல்ல. பிரான்ஸில் ஜார்ஜ் பத்தாய் 1927இல் தொடங்கிய பட்டறையின் பெயர் அது. அவர்கள் வாயில் ‘போக்லேன்’. அவர்களுடைய தொழில்நுட்பத்தை வாங்கி 1970களில் எல் அண்ட் டி இந்தியாவில் மண் தோண்டி இயந்திரம் செய்தது. போக்லேன் பெயரில் இப்போது மண் தோண்டும் வண்டி வருவதில்லை. பிரான்ஸில் பலருக்கே மறந்துபோயிருக்கக்கூடிய அந்தப் பெயரை, கும்மிடிப்பூண்டி வட்டாட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பு காப்பாற்றி வைத்திருக்கிறது.

சில பெயர்களைக் கம்பெனி வைத்ததாகக்கூட ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. 2005இல் டாடா தன் சிறிய சரக்கு வண்டிக்கு ஏஸ் என்று பெயரிட்டது. சீட்டுக்கட்டில் துருப்புப் போல மேலான அட்டை. தமிழ்நாட்டில் அது ‘குட்டி யானை’. துதிக்கை இல்லை, தந்தம் இல்லை. ஆனால் குள்ளமான உடம்பில் சுமக்கிற சுமையைப் பார்த்தவர்களுக்கு வேறு சொல் தோன்றவில்லை. இன்று தொலைபேசியில் ‘ஒரு ஏஸ் அனுப்புங்க’ என்று கேட்பவரைக் காண்பது கடினம். வட சென்னையில் மூன்று சக்கரச் சுமை வண்டிக்கு ‘மீன்பாடி வண்டி’ என்று பெயர் வைத்தவர்களும் எந்த விளம்பர நிறுவனத்திலும் வேலை பார்த்தவர்களல்ல.

எண்ணூர்க்காரர்கள் இதில் கொஞ்சம் கெட்டிக்காரர்கள், அல்லது அதிர்ஷ்டசாலிகள். 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய கம்பெனிக்குத் தன் மகன் அசோக்கின் பெயரை வைத்தார். பிறகு இங்கிலாந்தின் லேலண்டு ஊர்ப் பெயரும் சேர்ந்து 1955இல் அசோக் லேலண்டு ஆனது. ஒரு பிள்ளையும் ஒரு ஊரும். அந்தக் கம்பெனி 2011இல் விட்ட சிறு சரக்கு வண்டிக்கு தோஸ்த் என்று பெயர். 2020இல் அதைவிடப் பெரியதற்கு படா தோஸ்த். வடநாட்டுச் சந்தையைப் பார்த்து வைத்த இந்திப் பெயர்கள் என்று இங்கே சிலருக்கு முகச்சுளிப்பு. ஆனால் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ‘தோஸ்து’ எத்தனை தலைமுறையாகத் தமிழ்! ‘படா’வும் அப்படியே, ‘படா ஆளுப்பா’ என்பதை யாரும் இந்தி என்று நினைத்துச் சொல்வதில்லை. டெல்லிக்காக வைத்த பெயர் மெட்ராஸ் பாஷையில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதே 2020இல் அதே கம்பெனி கனரக லாரிகளுக்கு வைத்த பெயர்தான் இடிக்கிறது. ஆங்கில எழுத்தில் ஏ, வி, டி, ஆர் என்று எழுதிவிட்டு ‘அவதார்’ என்று படிக்க வேண்டுமாம். நடுவிலிருந்த உயிரையெல்லாம் உருவிவிட்ட பெயர். செல்பேசிக் குறுஞ்செய்தி காலத்து நாகரிகம். தமிழில் எழுதினால் உயிர் போட்டே ஆக வேண்டும் என்பதால் அந்தச் சாமர்த்தியம் இங்கே செல்லுபடியாகாது.

இனி கும்மிடிப்பூண்டியின் சொந்தப் பண்டத்துக்கு வரலாம். கார் அல்ல, லாரி அல்ல, கம்பி. சிப்காட் வளாகத்திலும் அதைச் சுற்றியும் இரும்பு உருக்கி, உருட்டி, வீடு கட்டும் கம்பியாக நீட்டும் ஆலைகள் பல. அங்கே உற்பத்தியாகும் கம்பியின் முறையான பெயர் டிஎம்டி. வெப்பத்தாலும் உருட்டலாலும் பதப்படுத்தியது என்ற நீண்ட ஆங்கிலத் தொடரின் சுருக்கம். கம்பியைக் கையில் எடுத்துப் புரட்டினால் மீன் முள் போல் சாய்ந்த வரிகளுக்கு நடுவே எழுத்துகள் புடைத்து நிற்கும்: கம்பெனி பெயர், தரம், அளவு. உருளையில் பதித்த எழுத்து என்பதால் அது சுழலச் சுழல அதே பெயர் கம்பி நெடுகத் திரும்பத் திரும்ப வரும். ‘எஃப்இ 500டி’ என்பது தரம். முதல் இரண்டெழுத்து இரும்புக்கான லத்தீன் பெயரின் சுருக்கம். 500 என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு அத்தனை நியூட்டன் இழுவிசை வரை நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும் என்ற கணக்கு. கடைசி எழுத்து, உடையாமல் வளைந்துகொடுக்கும் குணத்துக்கு.

இவ்வளவு சொன்னபிறகும் கொத்தனார் கேட்பது ‘முறுக்குக் கம்பி’. தமிழ் விளம்பரங்களும் சுவரெழுத்துகளும் அதையே சொல்கின்றன. ஆனால் இன்றைய கம்பியில் முறுக்கே இல்லை.

முன்பு இருந்தது. 1960களிலிருந்து சில பத்தாண்டுகள் கட்டடங்களில் போட்டது, குளிர்ந்த நிலையில் இரு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல முறுக்கிய கம்பி. முறுக்கினால் இரும்பின் வலிமை ஏறும். சுருள் சுருளான வரிகளைச் சிமெண்டு நன்றாகப் பற்றும். லக்சம்பர்க் நிறுவனம் ஒன்றின் வணிகக் குறியான ‘டார்’ என்ற பெயரில் அது இந்தியாவுக்கு வந்தது. முறுக்கு என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து கிளைத்த அசை அது. படித்தவர்கள் டார் ஸ்டீல் என்றார்கள். சிலர் டார் கம்பி என்றார்கள். யாரோ ஒரு கம்பி கட்டுகிறவர், லத்தீன் தெரியாமலே, கண்ணால் பார்த்து ‘முறுக்குக் கம்பி’ என்றார். எந்தக் கலைச்சொல் குழுவும் இதைவிடத் துல்லியமாகப் பெயர்த்திருக்க முடியாது.

பிறகு தொழில்நுட்பம் மாறியது. பெல்ஜியத்தில் 1970களில் உருவான டெம்ப்கோர் முறை, ஜெர்மனியிலிருந்து வந்த தெர்மெக்ஸ் முறை இவையெல்லாம் வந்தன. உருட்டாலையின் கடைசி உருளையிலிருந்து செக்கச்செவேலென்று வெளிவரும் கம்பியை நீர்ப்பெட்டிக்குள் பாய்ச்சி, மேல்தோலை மட்டும் சட்டென்று குளிரவைக்கிறார்கள். தோல் கெட்டிப்படுகிறது, உள்ளே இன்னும் சூடு. அந்தச் சூடு வெளியே பரவிக் கெட்டிப்பட்ட தோலைப் பதப்படுத்துகிறது. வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்த்தால் குறுக்குவெட்டில் ஒரு கருவளையம் தெரியும்: வெளியே உறுதி, உள்ளே நெகிழ்வு. ஏறக்குறைய நெய்யில் முறுகிய தோசைதான். முறுக்க வேண்டிய அவசியம் ஒழிந்தது. பெயர் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

இதைப் பிழை என்று திருத்தப் புறப்பட்ட கம்பெனி ஏதுமில்லை. அவர்களே பெட்டி பெட்டியாக விளம்பரத்தில் முறுக்கு என்று எழுதுகிறார்கள், அதுதான் அறிவு. அதே அறிவை வாகனக் கம்பெனிகளிடம் எதிர்பார்ப்பதில் தவறில்லை. புதிய பெயரை வெளியிடுமுன் பாரிஸிலும் டோக்கியோவிலும் மொழி வல்லுநர்களுக்குச் சம்பளம் கொடுத்து, எந்த நாட்டில் எது கெட்ட வார்த்தை என்று அலசுகிறார்கள். ஆலை இருக்கும் ஊரில் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களிடம் எழுதிக் காட்டி, படிக்கச் சொல்லிக் கேட்க எவ்வளவு செலவாகும்? அவர்கள் வாயில் வந்த வடிவத்தை, இதுதான் எங்கள் தமிழ்ப் பெயர் என்று கையேட்டிலும் பலகையிலும் ஒரே மாதிரி அச்சிடலாம். கையேட்டைத் தமிழிலும் போடலாம். இலங்கைத் தமிழர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைத் தமிழ்நாட்டார் ‘டொரன்டோ’ என்கிறார்கள். எழுத்து வேறானாலும் அவரவர் வழக்கம் அவரவரிடம் உறுதியாக இருக்கிறது. உறுதி இல்லாமல் தவிப்பது ஆதிகத்தூரில் பிறந்த காருக்குத்தான்.

தமிழ்ப் பெயரே வைக்கட்டும் என்ற குரலும் அவ்வப்போது எழும். ஆவடி கனரக வாகன ஆலையில் 1965 முதல் வந்த டாங்கிகள் விஜயந்தா, அஜேயா, பீஷ்மா, அர்ஜுன்; ஒன்றுகூடத் தமிழ்ப் பெயரில்லை என்பது உண்மை. ஆனால் மேலிருந்து வைக்கும் பெயர் தமிழாக இருந்தாலும் வாயில் நுழையாவிட்டால் பலகையோடு நின்றுவிடும். குட்டி யானைக்கும் முறுக்குக் கம்பிக்கும் யாரும் ஆணை போடவில்லை.

கும்மிடிப்பூண்டி ஆலைகளில் இன்னொரு மொழியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பிகார், ஒடிசா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் உலையடியில் வேலை பார்க்கிறார்கள். இந்தியில் கட்டடக் கம்பிக்குச் சொல் ‘சரியா’. கட்டு போட்டு முடித்ததும் தமிழ் சூப்பர்வைசர் ‘சரியா?’ என்று கேட்டால், வந்து ஆறு மாதமே ஆன ஆள் கம்பியைத்தான் காட்டுவார். இருவருமே சொன்னது சரிதான்.

இரவு எட்டு மணி. ஆலை வாயிலில் எடைமேடையிலிருந்து ஒரு வண்டி இறங்கி நிற்கிறது. அதன் பதிவுச் சான்றில் ஏஸ். ஓட்டுநர் கையிலுள்ள பில்லில் ‘டிஎம்டி 12 எம்எம், எஃப்இ 500டி’. மடித்துக் கட்டிய கம்பிக்கட்டின் வால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, செல்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவர் சொல்கிறார்: “அண்ணே, குட்டி யானைலதான் வரேன். முறுக்குக் கம்பி ஏத்தியாச்சு. கவரப்பேட்டை தாண்டினதும் போன் பண்றேன், இறக்க ஆள் வெச்சிருங்க.”